மதமும் பயங்கரவாதமும்: காவேரிப்பட்டினம் நூலக வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். காவேரிப்பட்டினத்தில் சனிக்கிழமை மாலைகளில் நூலக வாசலில் நாலைந்து பேர் கூடி, அன்றைய செய்தித்தாளை வைத்துக்கொண்டு பேசுவது வழக்கம். 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகளை மதம் விசாரித்துச் சுட்டார்கள், 26 பேர் இறந்தார்கள் என்ற செய்தி வந்த வாரத்திலிருந்து, நூலக வாசலில் மட்டுமல்லாமல் மாங்காய் மண்டியிலும் டவுன் பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும்கூட ஒரே சந்தேகங்கள் என்னைத் தேடி வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி ஓய்ந்துபோனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே விட்டிருக்கிறேன்.

தீவிரவாதம், பயங்கரவாதம், கலவரம் எல்லாம் ஒண்ணுதானே சார்? பேப்பர்ல மாத்தி மாத்திப் போடறாங்க.

ஒன்றல்ல. தீவிரவாதம் என்பது ஒரு கருத்தில் கடைசி எல்லைவரை போய் நிற்பது. அப்படி நிற்கும் எல்லோரும் ஆயுதம் எடுப்பதில்லை. கலவரம் என்பது ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் மேல் பாய்வது. அது தானாகவும் வெடிக்கும், திட்டமிட்டும் நடத்தப்படும். பயங்கரவாதத்தில் கொல்லப்படுபவர் கொல்கிறவனுக்கு யாரென்றே தெரியாதவராக இருப்பார். செத்தவரைப் பார்த்து மற்றவர்கள் நடுங்க வேண்டும், அந்த நடுக்கத்தால் ஓர் அரசோ ஒரு சமூகமோ பணிய வேண்டும் என்பதே அதன் கணக்கு.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம். அதன் 15ஆம் பிரிவு பயங்கரவாதச் செயலை விளக்கும்போது, நாட்டின் ஒருமைப்பாட்டையும் பாதுகாப்பையும் அச்சுறுத்தும் நோக்கம், மக்களிடையே பயங்கரத்தை உண்டாக்கும் நோக்கம் ஆகியவற்றைத்தான் பேசுகிறது. மதம் அந்த விளக்கத்தின் பகுதியே அல்ல. பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுச் சட்டமோ அரசியல், மதம், இனம், கொள்கை ஆகிய நோக்கங்களை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. சட்டம் எழுதியவர்களே மதத்தை எங்கே வைப்பது என்பதில் ஒரே முடிவுக்கு வரவில்லை என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. மதம்தான் காரணமா, இல்லையா?

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்பவர் எவராக இருந்தாலும், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று நான் சந்தேகப்படுவேன். ஒருவன் முன்பின் தெரியாதவர்களைக் கொல்லும் இடத்துக்கு ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. முதலில் ஒரு மனக்குறை இருக்கிறது. அது அவனுடைய சொந்தக் குறையாகவும் இருக்கலாம், தொலைவில் தன் மக்களுக்கு நேர்ந்ததாக அவன் கேள்விப்பட்டதாகவும் இருக்கலாம். அந்தக் குறையைத் தினமும் ஊதிப் பெரிதாக்கும் ஒரு சிறு கூட்டம் அவனுக்கு அமைகிறது. ஆயுதமும் பயிற்சியும் பணமும் எங்கிருந்தோ வருகின்றன. இவை எல்லாம் சேர்ந்த பிறகும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணைச் சுடுவதற்குக் கை வராது. கொன்றால் பாவமில்லை, சொல்லப்போனால் அதுதான் கடமை என்று யாரோ ஒருவர் அவனுக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது.

மதத்தின் பங்கு மற்ற இடங்களைவிட இந்த அனுமதியில்தான் பெரிது என்பது என் முடிவு. 2008 நவம்பரில் மும்பையில் பத்துப் பேர் புகுந்து 166 பேரைக் கொன்ற மூன்று நாட்களிலும், பாகிஸ்தானிலிருந்து அவர்களை இயக்கியவர்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பேச்சை நம் அதிகாரிகள் பதிவு செய்தார்கள். எந்த அறைக்குத் தீ வைப்பது, பிணைக்கைதியை எப்போது சுடுவது என்ற கட்டளைகளுக்கு நடுவே சொர்க்கத்தைப் பற்றிய பேச்சும் வருகிறது. அதைச் சொன்னவர்கள் பத்திரமான ஓர் அறையில் இருந்தார்கள், கேட்டவர்களில் ஒன்பது பேர் அங்கேயே செத்தார்கள் என்பதைச் சேர்த்துத்தான் அந்தப் பேச்சைப் படிக்க வேண்டும்.

படிப்பில்லாத, சோத்துக்கு வழியில்லாத பசங்கதானே இதுல போய் விழறாங்க?

இதைச் சொல்லும்போது சொல்பவருக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் படித்தவர்கள் என்ற நிம்மதி. ஆனால் உண்மை அப்படி இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை முன்னின்று நடத்திய முகம்மது அட்டா ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நகரமைப்பு படித்தவர். அல் காய்தாவின் இரண்டாம் தலைவர் அய்மன் அல் ஜவாஹிரி அறுவை மருத்துவர். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகளை வெடிக்கச் செய்து தாங்களும் செத்தவர்களில் இருவர், கொழும்பின் பெரிய வாசனைப் பொருள் வணிகர் ஒருவரின் மகன்கள்.

வறுமைதான் காரணம் என்றால், மழை பொய்த்த ஆண்டுகளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் நம் இரு மாவட்டங்களும் உலகச் செய்தியில் தினமும் அடிபட்டிருக்க வேண்டும். ஏழை பெரும்பாலும் வேலையைத் தேடித்தான் போகிறான். வறுமை ஒருவனை விலைக்கு வாங்க எளிதாக்கும் என்பது வேறு விஷயம். அதை நான் மறுக்கவில்லை.

ஒரு குறிப்பிட்ட மதத்துலதான் இது அதிகம்னு எல்லாரும் சொல்றாங்களே, அதையாவது ஒத்துக்குவீங்களா?

பாதியை ஒத்துக்கொள்கிறேன். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் உலகில் பயங்கரவாதத்தால் நேர்ந்த சாவுகளில் பெரும்பகுதி, இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட அமைப்புகளால் நேர்ந்தது. ஐ.எஸ்., அல் காய்தா, போகோ ஹராம் ஆகியவற்றின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். இதை மறைத்துப் பேசினால் மீதிப் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த அமைப்புகள் கொன்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஈராக், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், சோமாலியா போன்ற நாடுகளில், தொழுகைக்கும் சந்தைக்கும் போன முஸ்லிம்களே என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

மீதிப் பாதி, இது ஒரு மதத்தின் சொத்து என்ற எண்ணம். 1959இல் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவை அவர் வீட்டிலேயே சுட்டவர் ஒரு புத்த பிக்கு. 1985 ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் குண்டு வைத்து 329 பேரைக் கொன்றவர்கள் காலிஸ்தான் என்ற சீக்கியத் தனிநாடு கேட்டவர்கள். 1994இல் ஹெப்ரான் நகர மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றவர் ஒரு யூத மருத்துவர்; அடுத்த ஆண்டே இஸ்ரேல் பிரதமர் ராபினைச் சுட்டவர் தன் மதச் சட்டம் அதை அனுமதிப்பதாகச் சொன்ன ஒரு யூத மாணவர். காந்தியைச் சுட்டது யார் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். எந்த மதம் என்பதைவிட, எந்தக் காலத்தில் எந்த நாட்டில் எந்தப் போர் நடந்துகொண்டிருந்தது என்று கேட்டால் இந்தப் பட்டியல் ஓரளவு புரியத் தொடங்கும்.

தற்கொலைப் படையில சாகிறவன் சொர்க்கம் கிடைக்கும்னு நம்பித்தானே சாகிறான்?

சிலர் அப்படித்தான். ஆனால் தமிழர்களாகிய நாம் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது சற்று நிதானிக்க வேண்டும். அமெரிக்க அறிஞர் ராபர்ட் பேப் 1980 முதல் 2003 வரை உலகம் முழுவதும் நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களைத் தொகுத்தார். அவற்றில் 76 விடுதலைப் புலிகள் நடத்தியவை. வேறெந்தத் தனி அமைப்பும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. புலிகள் மதத்தின் பெயரால் போரிட்டவர்கள் அல்லர். அவர்களில் இந்துக்களும் இருந்தார்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் தன் இடுப்பில் கட்டிய குண்டை வெடித்து ராஜீவ் காந்தியோடு பலரையும் கொன்ற பெண் சொர்க்கத்துக்காகச் செய்ததாக யாரும் சொல்லவில்லை. அதே நேரத்தில், பேப்பின் கணக்கு 2003இல் முடிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஈராக் போருக்குப் பிறகு நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் மிகப் பல மதத்தின் பெயரால் நடந்தவை. ஆகவே பழைய கணக்கை மட்டும் காட்டி மதத்தை விடுவித்துவிட முடியாது.

செத்த பிறகு தன் பெயர் நிற்கும் என்ற நம்பிக்கைக்கு மதம் கட்டாயமில்லை. தர்மபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். நம் பக்கத்து ஊர்களின் ஏரிக்கரைகளிலும் கொல்லைகளிலும் கிடைத்த நடுகற்கள் அங்கே நிற்கின்றன: ஒரு கையில் வில்லும் மறுகையில் குறுவாளுமாக, சிலவற்றில் உடலில் அம்பு தைத்தபடியே, இன்னார் தொறு மீட்டுப் பட்டான் என்ற எழுத்தோடு. ஆநிரையை மீட்கப் போய்ச் செத்தவனை ஊர் கல்லில் நிறுத்தியது. ஓசூர்ப் பக்கத்து அடுக்குநிலைக் கற்களில் கீழே சண்டையும், அதற்கு மேலே வீரனைப் பெண்கள் விண்ணுலகுக்குக் கொண்டுபோவதும் செதுக்கப்பட்டிருக்கும். ஊரார் தரும் மதிப்பும் சொர்க்கமும் ஒரே கல்லில் அடுக்கடுக்காக இருக்கின்றன. சாகப் போகிறவனின் மனதில் இவற்றில் எது பெரிதாக இருந்தது என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நடுகல் வீரனையும் குண்டு வைக்கிறவனையும் ஒரே தட்டுல வைக்கறீங்களே, நியாயமா?

இல்லை. ஆயுதம் ஏந்தி வந்தவனை எதிர்த்துத் தன் ஊர் மாட்டுக்காகச் செத்தவன் அவன். செயலை நான் ஒப்பிடவில்லை. செத்தவனுக்கு ஊர் தரும் மதிப்பு அடுத்தவனை எப்படி இழுக்கிறது என்பதை மட்டுமே ஒப்பிட்டேன்.

மத நூல்கள்லயே கொல்லச் சொல்லியிருக்கே ஐயா? நானே வாட்ஸ்அப்ல வசனம் பார்த்தேன்.

பார்த்திருப்பீர்கள். போர்க்காலத்தில் பிறந்த வசனங்கள் பெரிய மதங்களின் நூல்களில் இருக்கின்றன. குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அமலேக்கியரின் குழந்தைகளையும் விட்டுவைக்காதே என்று பைபிளின் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. பகவத் கீதை தொடங்குவதே போர்க்களத்தில், வில்லைக் கீழே போட்டவனை எடு என்று சொல்வதற்காக. அதே கீதையைக் காந்தி தினமும் படித்து அதில் அகிம்சையைக் கண்டார். அவரைக் கொன்ற கோட்சே தூக்குமேடைக்குப் போகும்போது கையில் வைத்திருந்ததும் அதே கீதைதான். எழுத்து மாறவில்லை.

இத்தோடு நிறுத்தினால் நூலுக்கும் செயலுக்கும் தொடர்பே இல்லை என்று ஆகிவிடும்; அதுவும் சரியில்லை. தன்னைப் போலவே தொழுகிற இன்னொரு முஸ்லிமை மதத்தை விட்டு வெளியேறியவன் என்று அறிவிக்கும் தக்ஃபீர் என்ற கருத்து இல்லாமல், ஐ.எஸ். அமைப்பு ஷியா பிரிவு முஸ்லிம்களைக் கொன்று குவித்ததை விளக்க முடியாது. 2014இல் ஈராக்கின் சிஞ்சார் மலைப் பகுதியில் யாசிதி என்ற சிறுபான்மை மதத்து ஆண்களைக் கொன்று பெண்களை அடிமைகளாக விற்றபோது, அதற்கு மதச் சட்டத்தில் இடமுண்டு என்று அவர்கள் பக்கம் பக்கமாக எழுதி வெளியிட்டார்கள். பெரும்பாலான முஸ்லிம் அறிஞர்கள் அதை மறுத்தார்கள். ஆனால் எழுதியவர்கள் தாங்கள் எழுதியதை நம்பினார்கள் என்பதை ஏற்காமல் அவர்களை எதிர்க்கவும் முடியாது.

மனக்குறையே இல்லாம, வெறும் நம்பிக்கையால மட்டும் நடந்தது உண்டா?

ஏறத்தாழ அப்படிப்பட்ட ஒன்று உண்டு. 1995 மார்ச் 20 காலையில் டோக்கியோவின் சுரங்க ரயில்கள் ஐந்தில், ஓம் ஷின்ரிக்கியோ என்ற அமைப்பினர் சாரின் நச்சு வாயுவைப் பரப்பினார்கள். பதின்மூன்று பேர் இறந்தார்கள், அந்த வாயுவால் படுத்த படுக்கையான ஒருவர் 2020இல் இறந்தார், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அவர்கள் நாட்டை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை, அவர்கள் வீட்டை யாரும் எரிக்கவில்லை. வாயுவைக் கொண்டு போனவர்களில் ஒருவர் பெயர் பெற்ற இதய அறுவை மருத்துவர்.

அவர்களின் குரு அசஹாரா, உலகம் அழியப் போகிறது என்றும், தீய கர்மம் சேர்க்கிறவனைக் கொன்றால் அவன் ஆன்மா மேல்நிலைக்குப் போகும் என்றும் கற்பித்தார். கொலையே கொல்லப்படுபவனுக்குச் செய்யும் உதவியாகிவிட்டது. மேலே இரண்டாம் கேள்வியில் அனுமதி என்று சொன்னேனே, அதன் முற்றிய வடிவம் இதுதான். போலீஸ் தன் அமைப்பைச் சோதனையிட வருகிறது என்ற அச்சம் குருவுக்கு இருந்தது என்பதால்தான் ஏறத்தாழ என்றேன்.

கோயம்புத்தூர் குண்டுவெடிப்பு எந்தக் கணக்குல சேரும்?

1997 நவம்பர் இறுதியில் கோவையில் ஒரு போக்குவரத்துக் காவலர் முஸ்லிம் இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் கலவரமும் துப்பாக்கிச் சூடுமாக 18 முஸ்லிம்கள் இறந்தார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று அல் உம்மா என்ற முஸ்லிம் தீவிரவாத அமைப்பினர் நகரில் தொடர்ச்சியாகக் குண்டுகளை வெடிக்கச் செய்து 58 பேரைக் கொன்றார்கள். பழிக்குப் பழி என்பதுதான் உள்ளே ஓடிய நரம்பு. மதம் அந்தப் பழிக்கு இன்னார் எல்லோரும் பொறுப்பு என்று முகவரி எழுதிக் கொடுத்தது. அந்த 58 பேரில் பெரும்பாலோருக்கு நவம்பரில் நடந்ததோடு எந்தத் தொடர்பும் கிடையாது.

குண்டுகள் வெடித்ததற்கு அடுத்த திங்கட்கிழமை நான் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு முஸ்லிம் மாணவன். அவனுடைய தாய்மாமன் கோவையில் துணிக்கடை வைத்திருப்பது எனக்குத் தெரியும். அக்கறையாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "உங்க மாமா கோயம்புத்தூர்லதானே இருக்கார், ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்றேன். நாற்பது தலைகளும் அவன் பக்கம் திரும்பின. அவன் எழுந்து நின்று, "கடை நவம்பர்லயே எரிஞ்சுபோச்சு சார், மாமா இப்ப இங்கதான் இருக்கார்" என்றான். அவன் உட்கார்ந்த பிறகும் தலைகள் திரும்பியபடியே இருந்தன. அந்தக் கேள்வியை நான் அவனைத் தனியே அழைத்துக் கேட்டிருக்க வேண்டும். அல்லது வகுப்பில் இருந்த எல்லோரிடமும் கேட்டிருக்க வேண்டும்.

நல்லவேளை, நம்ம மாவட்டத்துல இதெல்லாம் இல்லையே?

மதத்தின் பெயரால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பது சரி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசி வாழ்கிற பகுதி இது. ஆனால் 2000 பிப்ரவரி 2 அன்று தர்மபுரியை ஒட்டிய இலக்கியம்பட்டியில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே எரிந்து இறந்தார்கள். ஒரு வழக்கில் தங்கள் தலைவிக்குத் தண்டனை கிடைத்ததற்காகத் தெருவுக்கு வந்த அ.தி.மு.க.வினர் செய்தது அது. மூவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை 2016இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கூட்ட வெறியில் அறிவிழந்து செய்தது என்பது அதற்கு ஒரு காரணம். அந்த மாணவிகள் யார் என்று தீ வைத்தவர்களுக்குத் தெரியாது. அங்கே கடவுளும் இல்லை, வேதமும் இல்லை. ஒரு தலைவி மேல் பக்தி இருந்தது, சுற்றிலும் கூட்டம் இருந்தது.

பிறகு 2012 நவம்பர் 7. சாதி மாறிய ஒரு திருமணமும், அதையொட்டிப் பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதும் சாக்காகி, தர்மபுரி மாவட்டம் நாய்க்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. எரித்தவர்களும் எரிக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் ஒரே மதத்தவர். அதே நாய்க்கன்கொட்டாய்ப் பகுதியில்தான் 1980ஐ ஒட்டிக் கடவுள் மறுப்புப் பேசிய நக்சல்பாரிகள் ஆயுதத்தை நம்பினார்கள். செத்த தோழர்களுக்கு அங்கே சிலையும் நிற்கிறது. நடுகல்லைப் பற்றி மேலே சொன்னதை இங்கே சேர்த்துப் படிக்கலாம்.

மொபைல்ல வீடியோ பார்த்தே பசங்க மாறிடறாங்களாமே?

வீடியோ பார்த்தவர்கள் கோடிக்கணக்கில். மாறியவர்கள் மிகச் சிலர். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019இல் இரண்டு மசூதிகளில் 51 பேரைச் சுட்டவனைப் போலத் தனியாகத் திரிந்து இணையத்திலேயே ஊறியவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஆளை இழுப்பது ஆள்தான். முகம்மது அட்டாவின் ஹாம்பர்க் குழுவினர் ஒன்றாக ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்கள். 2013இல் பாஸ்டனில் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வைத்தவர்கள் அண்ணன் தம்பி. கொழும்பு வணிகரின் மகன்களும் அண்ணன் தம்பிதான். யாரோடு பழகுகிறான் என்று பார்க்காமல் போனை மட்டும் பிடுங்கி வைப்பதில் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த மதத்துக்காரங்க ஏன் சார் வாயத் திறந்து கண்டிக்க மாட்டேங்கறாங்க?

கண்டிக்கிறார்கள், நாம் கேட்பதில்லை. மும்பையில் செத்த ஒன்பது கொலையாளிகளின் உடல்களைத் தங்கள் அடக்கத்தலத்தில் புதைக்க அந்நகர முஸ்லிம் அறக்கட்டளை மறுத்துவிட்டது. ஓராண்டுக்கு மேல் பிணவறையில் கிடந்த உடல்களை அரசு பிறகு இரகசியமாகப் புதைத்தது. பஹல்காமுக்கு மறுநாள் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் கடைகளை அடைத்துக் கண்டித்தார்கள். கொல்லப்பட்ட 26 பேரில் ஒருவர், அங்கே குதிரை ஓட்டிப் பிழைத்த உள்ளூர் முஸ்லிம்.

இன்னொன்றையும் கேட்கிறேன். இலக்கியம்பட்டிக்குப் பிறகு, நீ ஏன் கண்டிக்கவில்லை என்று தர்மபுரிக்காரர் ஒவ்வொருவரையும் யாராவது நிறுத்திக் கேட்டார்களா?

என் பையன் ஆறு மாசமா தாடி வெச்சிருக்கான், அஞ்சு வேளையும் தொழறான், சினிமாவுக்குப் போறதில்ல. எனக்குப் பயமா இருக்குண்ணா.

இது காவேரிப்பட்டினத்தில் ஒரு தாய் கேட்டது. கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்தி கூடுவது ஆபத்தின் அறிகுறி அல்ல. கார்த்திகையில் மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டும் பிள்ளையைப் பார்த்து யாரும் போலீஸை நினைப்பதில்லை. பழைய நண்பர்களை ஒரேயடியாக வெட்டிவிடுவது, பெற்றவர்களின் வழிபாட்டையே அசுத்தம் என்பது, ஒரு கூட்டத்தாரை மனிதர்களாகவே எண்ணாமல் பேசுவது, எங்கே போகிறான் யாரோடு போகிறான் என்பதை மறைப்பது, செத்தவர்களின் படங்களை ஆசையோடு பார்ப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் போக வேண்டியது, அவன் மதிக்கும் ஓர் ஆசிரியரிடமோ, நன்றாக ஓதிய ஒரு பெரியவரிடமோ. மதத்தைச் சரியாகக் கற்றவர் சொல்வதை அவன் கேட்பான். மதமே வேண்டாம் என்பவர் சொன்னால் கேட்க மாட்டான். வெடிபொருள், ஆயுதம் என்ற பேச்சு காதில் விழுந்துவிட்டால் மட்டும் யோசிக்காமல் காவல்துறையிடம் சொல்லிவிட வேண்டும்.

அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: எதிர்வீட்டு மாரியப்பன் மகனோடு சின்ன வயதிலிருந்து சுற்றுவானே, இப்போதும் அந்த வீட்டுக்குப் போகிறானா? "நேத்துகூட அங்கதான் களி தின்னுட்டு ராத்திரி பத்து மணிக்கு வந்தான்" என்றார். அந்தத் தாடியை அவன் போக்கில் விட்டுவிடச் சொன்னேன்.